சரசக்காவுக்கு ஒரு கத்தி

செப். 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். ஐஸ் பெட்டி வரப் பத்தரை ஆனது. புரட்டாசி பிறக்க ஒரு வாரம்தான்.

சரசக்கா கடையை விட்டுப் போகிறார். பரமத்தி வேலூர்க்காரர், இருபது வருடமாக மீன் வெட்டுகிறவர். ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. புரட்டாசியிலும் சம்பளம் நிற்காது. சனிக்கிழமை அங்கே வெட்டிக் காட்ட வேண்டும். முள்ளில்லாமல் சதையை எடுக்க வருகிறதா என்று பார்ப்பார்களாம்.

ஓனரம்மா, பில் போடும் என்னிடம்: "கடை சார்பா ஒரு நல்ல கத்தி குடுத்துரலாம். நீதான் படிச்ச புள்ள. பாத்து வாங்கிட்டு வா."

பி.காம். பாடத்தில் கத்தி இல்லை. தலையாட்டினேன்.

அப்பா: "கத்தி வாங்கறதுக்குத்தான் உன்னக் காலேஜுக்கு அனுப்புனமா?" சிரித்துக்கொண்டேதான்.

செப். 10, புதன்

கடைவீதி. பாத்திரக் கடைகளுக்கு நடுவே கத்திக் கடை. போகும் முன் எழுதி வைத்தது:

– துரு பிடிக்கக் கூடாது
– ஈரக் கையில் வழுக்கக் கூடாது
– நீளம்? (சரசக்கா கை சின்னது)
– கடையில் வேறு ஆள் இருக்கக் கூடாது

மூன்று பேர் இருந்தார்கள். போகும்வரை வெளியே நின்றேன்.

நான்கு கத்திகளை வரிசையாக வைத்தார் கடைக்காரர். நீளமாக வளைவது கடல் மீனுக்காம். விரால், கட்லாவுக்கு ஆறு அங்குலம், கொஞ்சம் விறைப்பாக. அதில் ஒன்று ஒரு பக்கம் மட்டும் தீட்டியது. தீட்டாத பக்கம் முள்ளை ஒட்டியே போகுமாம், சதை வீணாகாதாம். கைப்பிடியில் கட்டைவிரலுக்கு ஒரு பள்ளம்.

"வெட்டறவங்களுக்கு வலக்கைங்களா, இடக்கைங்களா?"

"வலக்கைதாங்க."

யோசிக்கவே இல்லை. எட்டு மாதமாகப் பார்க்கிறேனே. பில் மேசைக்கும் வெட்டும் இடத்துக்கும் நடுவே சுவர். அதில் ஒரு சதுர ஓட்டை. அது வழியே பையை நீட்டுவது வலது கை. அக்கா சாப்பிடுவதும் வலது கை.

அந்த ஒரு பக்கம் தீட்டியதையே எடுத்து, பாத்திரத்தில் வெட்டுவது போலப் பெயர் வெட்டச் சொன்னேன். வீ. சரஸ்வதி. "பேர் வெட்டுனா திருப்பி எடுக்க மாட்டமுங்க." சரி என்றேன்.

செப். 11, வியாழன்

தூறல். இரண்டு முறை கரண்ட் போனது.

மத்தியானம் பில் மேசை முன்னால் பலகை போட்டுக் கூடினோம். கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்றார் ஓனரம்மா. பலகை மேல் வைத்தேன். சரசக்கா தொட்டுக் கும்பிட்டு வலது கையால் எடுத்தார். ஒரு விராலைக் கொண்டுவரச் சொன்னார். கத்தியை இடது கைக்கு மாற்றினார்.

நான் அந்தக் கையையே பார்த்தேன்.

எடை போடும் செந்தில் அண்ணன்: "அக்கா பீச்சாங்கையிலதான வெட்டும். இத்தன நாளாத் தெரியாதா உனக்கு?"

தெரியாது. கொடுப்பது, வாங்குவது, உண்பது எல்லாம் வலக்கையில் பழகியவர். வெட்டுவது மட்டும் இடக்கை. அது சுவருக்கு அந்தப் பக்கம். எதையும் கவனிப்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு.

கத்தி முள்ளை விட்டு விலகி விலகிப் போனது. அரை விரல் கனத்துக்குச் சதை முள்ளிலேயே நின்றது.

"இருவது வருசம் வெட்டுன கையாக்கா இது?" செந்தில் அண்ணன்.

"புதுக் கத்தி அப்படித்தான்டா. பழகுனாச் சரியாயிரும்." பிறகு என்னிடம், "நல்லா இருக்குது சாமி. சனிக்கெழம இதத்தான் கொண்டுபோவேன்."

செப். 12, வெள்ளி

வெயில். வெள்ளி என்பதால் வியாபாரம் இல்லை.

சொல்ல நினைத்தது 9 மணி, 11, 12.30. சொல்லவில்லை. சொன்னால், கொடுத்ததைத் திரும்பக் கேட்டதாக ஆகும். சொல்லாவிட்டால், என் மனம் நோகக் கூடாதென்று அக்கா வேலையைக் கோட்டை விடுவார்.

3 மணி. சுவரைச் சுற்றி உள்ளே போனேன். முதல் தடவை. செருப்பெல்லாம் செதில்.

"அக்கா, வலக்கைன்னு சொல்லி வாங்குனது நாந்தான். இது உங்க கைக்கு ஆகாது. நாளைக்கு எடுத்துட்டுப் போகாதீங்க."

"புடிச்ச ஒடனே தெரிஞ்சுது சாமி. ஆசையாப் பேரெல்லாம் போட்டுக் குடுத்திருக்கற."

"பேரு வேலை வாங்கித் தராதுங்கக்கா."

செந்தில் அண்ணன் தராசை விட்டுத் திரும்பினார். "அட, இந்தப் புள்ளைக்கு வாய் இருக்குது!"

ஓனரம்மாவிடமும் நானே கேட்டேன். கடையின் பழைய கத்தி, ஒரு நாளைக்கு மட்டும். "அந்த மொண்ணையவா?" மொண்ணை இல்லை, அக்கா கைக்குத் தேய்ந்தது என்றேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

செப். 13, சனி

நல்ல கூட்டம். மேட்டூர் கட்லா 11 மணிக்கே தீர்ந்தது. இன்று செந்தில் அண்ணன் வெட்டினார். எல்லாத் துண்டும் கோணல். ஒரு அம்மா பையைப் பிரித்துக் காட்டிச் சண்டை.

12.40க்கு சரசக்கா போன். பின்னால் பாத்திரச் சத்தம்.

"ஆறு விரால் குடுத்தாங்க சாமி. மாஸ்டரு முள்ளத் தூக்கி லைட்டுல புடிச்சுப் பாத்தாரு. ஒண்ணும் ஒட்டல. திங்கக்கெழம வரச் சொல்லிட்டாங்க."

"சரிங்கக்கா" என்று மட்டும் வந்தது. பிறகு புதுக் கத்தியைப் பற்றிக் கேட்டேன்.

"ஊட்டுல இருக்குது. எங்கூட்டுக்காரரு வலக்கைதான? இனி ஞாயித்துக்கெழம மீன் நீங்கதான் வெட்டோணும்னு காலைல அவரு முன்னால வெச்சுட்டு வந்தேன். மொகத்தப் பாக்கோணுமே நீயி."