ஒன்பதாவது வண்டி

காட்டூர்,
ஆடி 22, வியாழக்கிழமை

அன்பு மகன் நவநீதனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் பானுப்ரியாவும் பாப்பாவும் அங்கே சுகமாக இருக்க ரெங்கநாதர் துணை இருக்கட்டும். கோபத்தில் இருந்தாலும் இந்த இரண்டு வரி எழுதாமல் பேனா நகரவில்லை. வாட்ஸ்அப் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்பாய், மெசேஜ் போட்டால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். நம் டிரைவர் ஷேக் தாவூது பாயின் மச்சான் நாளை உன் ஊர் மஸ்கட்டுக்குப் புறப்படுகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நார்த்தங்காய் ஊறுகாயை இந்த முறை அனுப்பக் கூடாது என்றுதான் இருந்தேன், அப்பாதான் எனக்குத் தெரியாமல் டப்பாவில் போட்டுக் கட்டிவிட்டார். அவருக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, ஆடிப்பெருக்கு அன்று அம்மா மண்டபம் படித்துறைக்குப் போக வேண்டாம் என்றேன், கேட்காமல் போய்ப் படியில் ஏற முடியாமல் நின்றார். உன் வீட்டில் யார்தான் என் பேச்சைக் கேட்கிறீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்குத் தெரியாதது இல்லை, ஆனால் மறந்துபோன மாதிரி நடந்துகொண்டதால் முதலிலிருந்தே சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று யாரோ போனில் பரப்பிவிட்டதை நம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நம் ஸ்கூல் வேனை மறித்து, பாயைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கினார்களே, அன்று அவர் உதடு கிழிந்து வந்து நின்றதை நீயும் வீடியோ காலில் பார்த்தாய். ஒரு ஆள் விசாரித்திருந்தால் போதும். அதனால்தான் நம் வேன் ஷெட்டில் சனிக்கிழமை தோறும் பிள்ளைகளுக்குப் பத்திரிகை வகுப்பு வைத்தேன். தினசரியில் நிருபராக இருக்கும் ஆன்சி வந்து சொல்லிக்கொடுக்கிறாள், பிள்ளைகள் எழுதுகிறார்கள், மாதம் ஒருமுறை 'இரண்டாம் மணி' என்று நாலு பக்கம் அச்சடித்து வேனிலும் பள்ளிகளிலும் கொடுக்கிறோம். கம்ப்யூட்டரில் பக்கம் போடும் வேலையை நானே செய்கிறேன் என்று நீதான் கேட்டு வாங்கிக்கொண்டாய். ஆபீஸில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்பட்டதும் நீதான்.

போன மாதம் கனிஷ்கா, பிளஸ் ஒன் படிக்கிற ஸ்ரீரங்கத்துப் பெண், ஒரு வாரம் காலையில் பள்ளி முனையில் நோட்டோடு நின்று ஒவ்வொரு வேனிலிருந்தும் எத்தனை பிள்ளைகள் இறங்குகிறார்கள் என்று எண்ணினாள். ஒன்பது வண்டியில் அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள். அதில் ஒன்று நம்முடையது. பன்னிரண்டு பேர் உட்காரும் வண்டியில் இருபத்தொரு பேர். குறை சொல்லப்படுகிறவர்களிடம் நேரில் கேட்டு, அவர்கள் பதிலையும் சேர்த்துப் போட வேண்டும் என்பது ஆன்சி வைத்த சட்டம். அதன்படி என்னிடமும் வந்தாள். நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள், "ஆன்ட்டி, உங்க வண்டியில இருபத்தொரு பேர் வராங்க, நீங்க என்ன சொல்றீங்க?" என்று. எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. நான் போட்ட ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து படித்தவள் என்னையே கேட்கிறாளே என்று வந்தது, மறைப்பானேன். நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். பாயைக் கேட்டால், "ஆமாங்கம்மா, நான் சொன்னா நீங்க திட்டுவீங்கன்னுதான் சொல்லல" என்றார். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, உண்மைதான், தவறு என்னுடையதுதான், திங்கட்கிழமை முதல் இரண்டு நடையாக ஓட்டுகிறோம் என்று எழுதிக்கொள்ளச் சொன்னேன். இன்றுவரை பாய் ஆறரைக்கே முதல் நடை எடுக்கிறார். இதை அந்த ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் வாய் ஓயாமல் சொன்னதும் நான்தான். என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும்.

அச்சாகி வந்த பத்திரிகையில் எட்டு வண்டி என்று தலைப்பு. நம் வண்டியும் இல்லை, என் பதிலும் இல்லை. யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள், கனிஷ்கா இரண்டு சனிக்கிழமை வகுப்புக்கே வரவில்லை. அதற்குள் அந்த எட்டு வண்டிக்காரர்களில் ஒருவர், ஸ்ரீரங்கத்தில் வேன் ஓட்டும் பிச்சமுத்து, ஷெட்டுக்கே வந்து, பிள்ளைகள் எல்லோரும் பார்க்க, "உங்க வண்டி மட்டும் எப்படிங்க தப்பிச்சுது? இதுக்குத்தான் பேப்பர் நடத்துறீங்களா?" என்று கேட்டார். நவநீதா, வேன் நடத்தும் இந்த முப்பது வருஷத்தில் ஒருவர் கேள்விக்கு நான் தலையைக் குனிந்து நின்றது அன்றுதான். பொய் சொல்லாமலே பொய்க்காரி ஆனேன், என் மகன் தயவில்.

நேற்று நானே கனிஷ்கா வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா காப்பி போட உள்ளே போன நேரத்தில் போனை எடுத்து உனக்கு அனுப்பிய மெசேஜைக் காட்டினாள். அச்சுக்கு முன்னால் நீ அனுப்பிய பக்கத்தைப் பார்த்து, ஒரு வண்டி விட்டுப்போச்சு அண்ணா என்று அவள் எழுதியிருக்கிறாள். உடனே நீ போன் செய்து, இடம் கொடுத்து அச்சடித்தும் கொடுக்கிறவர்கள் பேரையே கெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். "அம்மாவுக்கு பிரஷர் இருக்கு, அவங்ககிட்ட சொல்லிடாதம்மா" என்றும் சொல்லியிருக்கிறாய். என் பிரஷரை உனக்கு யார் வாடகைக்குக் கொடுத்தது? பதினாறு வயதுப் பிள்ளை கால் கடுக்க நின்று எண்ணியதை ஏசி ரூமில் உட்கார்ந்து ஒரு தட்டுத் தட்டி அழித்துவிட்டு, அந்தப் பழியையும் அவள் தலையிலேயே வைத்துவிட்டாய். அவள் வகுப்புப் பிள்ளைகள், வேன்காரம்மா கொடுத்த டிபனுக்காக எழுதாமல் விட்டாள் என்கிறார்களாம். இனி எழுத மாட்டேன் ஆன்ட்டி என்று அழுதாள். என்னைக் காப்பாற்றத்தான் செய்தாய் என்று அப்பா உனக்காகப் பேசுகிறார். காப்பாற்று என்று நான் கேட்டேனா? தப்பை ஒப்புக்கொண்டு நிமிர்ந்து நின்றவளை, மறைத்துவிட்டுக் குனிய வைத்தாய். பெற்ற வயிறு எரிகிறது.

இதைப் பற்றியே எழுது என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். என்ன நடந்தது, யார் நீக்கியது, பெயரோடு. நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்போ அண்ணன்கிட்டயும் கேக்கணும் ஆன்ட்டி, அதுதானே ரூல்" என்றாள். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. ஆகவே சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவள் உனக்கு போன் செய்வாள். எடு. அம்மாவுக்காக என்று மழுப்பாதே, என் பெயரை இழுக்காதே, கேட்டதற்குப் பதில் சொல். எடுக்காவிட்டால், கேட்டோம், பதில் தரவில்லை என்று போட்டுவிடுவார்கள். அதை நானும் படிக்க வேண்டியிருக்கும்.

பாப்பாவுக்குச் சளி என்றாயே, ஏசியைக் குறைத்து வை, வெந்நீர் கொடு. பானுப்ரியாவை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதில் குறை வைக்க மாட்டேன். ஒன்று மட்டும் மறக்காதே. இந்த மாதப் பக்கத்தையும் நீதான் போட வேண்டும், வேறு ஆள் பார்க்க வேண்டாம் என்று ஆன்சியிடம் சொல்லிவிட்டேன். கனிஷ்கா எழுதியது முதல் பக்கத்தில், மேலே வர வேண்டும். உன் பெயர் வரும் இடத்தில் ஒரு எழுத்துகூடக் குறையக் கூடாது.

இப்படிக்கு,
ஒன்பதாவது வண்டிக்காரி,
உன் அம்மா பிரேமலதா