பத்தில் ஏழு

அந்த ஏழு பேரில் முதல் ஆள் நான்தான்! மனசுக்குள் கூவியபடியே, இரவு வேலை முடிந்து தூங்கும் கணவனுக்குச் சீட்டு எழுதினாள். அவளைப் போல வலிப்பு உள்ளவர்கள் பத்துப் பேரில் ஏழு பேருக்கு, கழுத்து நரம்பைத் தூண்டும் கருவி பலன் தருமாம். அவளுடைய மூளை அலைப் பதிவைக் கம்ப்யூட்டரில் அலசி, டாக்டரம்மா நேற்றுதான் சொன்னார்.

“என்னங்க, கருவி வைக்கச் சம்மதம் சொல்ல அக்காவோட கிளம்பிட்டேன். குழம்புல உப்பு ரெண்டு தடவை போட்டேனோ என்னவோ, கால் தரையில நிக்கல. திட்டாம சாப்பிடுங்க. அக்கா அவங்க வீட்டுச் சாவியை இங்க வச்சுட்டு வர்றா, அவ வீட்டுக்காரர் வாங்க வருவார்.”

இடம் தீர்ந்ததும், ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

“மீதி மூணு பேர்ல நீ இருந்தா நொறுங்கிப் போயிடுவ, ரொம்ப ஆசை வைக்காதேன்னு நேத்து சொன்னீங்க. உங்க பயம் புரியுது. ஆனா அது மட்டும் என்னால முடியாதுங்க.”