தட்டை வச்சு நிறுத்தின டிராக்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுறது. நானும் அப்பாவும் கைகால் முழுசா நல்லா இருக்கோம், நீயும் அங்க ஒரு குறையும் இல்லாம இருக்கணும். படிச்சதும் பதறாத, ஆபத்து தாண்டியாச்சு.

பக்கத்து வீட்டு மீசைக்காரரோட அண்ணன் செத்துப் போனதிலிருந்து அந்த டிராக்டர் ஷெட்டுலயே கிடந்துச்சுல்ல, அதை ஓட வைக்கணும்னு போன வாரம் மீசைக்காரர் வந்து நின்னார். மழைக்கு முன்னாடி உழுதாகணும், வாடகை வண்டி எதுவும் கிடைக்கலையாம். உங்கப்பாவுக்குத்தான் யாராவது ஸ்பேனரைக் காட்டிட்டா போதுமே. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சு இன்னும் வருஷம் திரும்பல, உடம்பை அலட்டிக்காதீங்கன்னு டாக்டர் தலையில அடிச்சுக்காத குறையா சொல்லியிருக்கார், கேட்டாத்தானே? சும்மா பார்த்துட்டு வரேன்னு போனவர் டேங்கைக் கழுவி, அடைச்சுக்கிட்ட டீசல் பைப்பை மாத்தி, நம்ம கார் பேட்டரியைக் கழட்டிக்கிட்டுப் போய் மாட்டி, சட்டையெல்லாம் கிரீஸோட வந்து நிக்கிறார். சோத்துல கையை வச்சுக்கிட்டே எனக்குப் பாடம் வேற, டீசல் எஞ்சினுக்குக் காத்து போகலன்னா மூச்சு நின்னுடும்னு. எனக்கெதுக்கு இந்தக் கண்றாவியெல்லாம்னு எரிஞ்சு விழுந்தேன்.

வியாழக்கிழமை தட்டுல டீ வச்சு எடுத்துக்கிட்டுப் போனா, மீசைக்காரர் சீட்டுல இருக்கார், அப்பா வண்டிக்கும் சுவருக்கும் நடுவுல நின்னு ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்துறார். கியர் விழுந்தபடியே இறுகிப்போய் நியூட்ரலுக்கு வரலையாம், கிளட்சை மிதிச்சுக்கிட்டா நகராதுன்னு நம்பி மீசைக்காரர் சாவியைத் திருப்பினார். ரொம்ப காலம் நின்னதுல கிளட்ச் பிளேட் ஒட்டிப்போயிருக்கும், மிதிச்சாலும் விடாதுன்னு ரெண்டு மேதாவிகளுக்கும் தோணல. அத்தனை நாளா முக்கிக்கிட்டிருந்த எஞ்சின் அன்னைக்குப் பார்த்து ஒரே திருப்புல பிடிச்சுக்கிச்சு, பிடிச்ச வேகத்துல வண்டி அப்பா மேல நகருது பாப்பா. பிரேக் பிடிக்கல. எஞ்சினை நிறுத்துற கம்பியை இழுத்தா அது அறுந்து கையோட வந்துடுச்சு, மனுஷன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்துட்டார். அப்பா முதுகு சுவருல முட்டிடுச்சு. என்ன தோணுச்சோ, டம்ளரையெல்லாம் கொட்டிட்டு, கழுவுறதுக்காக மூடியைக் கழட்டி வச்சிருந்த, எஞ்சினுக்குக் காத்து போற குழாயோட வாய் மேல எவர்சில்வர் தட்டை வச்சு ரெண்டு கையாலயும் அழுத்தினேன். தட்டை உள்ள இழுக்குது, நான் விடல. ரெண்டு இருமல் இருமிட்டு எஞ்சின் அடங்குச்சு. அப்பா நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவுல என் கை நுழையுற இடம்தான் மிச்சம்.

மீசைக்காரர் இறங்கி வந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். உங்கப்பா என்னடான்னா, டீயைக் கொட்டிட்டியேங்கிறார். வீடு வந்து சேர்ற வரைக்கும் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அப்புறம் சமையலறையில உட்கார்ந்து நான் அழுதேன். மறுநாள் மெக்கானிக் வந்து பிளேட்டைப் பிரிச்சு விட்டு, பிரேக்கையும் கம்பியையும் சரி பண்ணிட்டுப் போனார், இப்ப வண்டி நல்லா உழுதுக்கிட்டிருக்கு, அப்பா வாசல்ல நின்னு சத்தத்தை வச்சே குறை சொல்லிக்கிட்டிருக்கார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். அவரும் அவர் சத்தியமும். வண்டி நெருங்கினப்ப அவர் சாமியைக் கூப்பிடல, பக்கத்துல நின்ன என்னையும் கூப்பிடல. பாப்பான்னுதான் கத்தினார். கேட்டா, நான் எங்க கத்தினேன்னு மழுப்புறார்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மகராசியா இரு. போன் பண்ணா அப்பாகிட்ட நல்லா இருக்கீங்களான்னு கேட்ட கையோட அம்மாகிட்ட குடுங்கன்னுடுவ. இந்த ஞாயித்துக்கிழமை பண்ணும்போது என்னைக் கேட்காத. நான் வீட்டுல இருக்க மாட்டேன்.

உன் அம்மா