சேகர், உன் நாலு டிஸ்க்கும் எழுந்துவிட்டன

என் தங்கமே சேகர்,

நீ போன பிறகு உன்னிடம் சொல்ல எத்தனையோ சேர்ந்துவிட்டது. இன்று எழுதுவது ஒரே ஒரு விஷயத்துக்காக. உன் கம்ப்யூட்டர் மறுபடி ஓடியது. அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லையடா.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்சந்தில் இருந்த உன் வீடியோ கடையைக் காலி செய்தபோது, அந்தக் கறுப்புப் பெட்டியை மட்டும் ராயப்பேட்டைக்கு, என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடையாறு ஆற்றோரம் நாம் பிறந்து வளர்ந்த குடியிருப்பில் நீ பிடித்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம் அதற்குள்தான் இருந்தது. ஆனால் சுவிட்சைப் போட்டால் பெட்டி மூச்சே விடவில்லை. மூலையில் வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் பார்க்கக்கூடப் பயம்.

போன மாதம் கஸ்தூரி வந்தாள். நம் எதிர்வீட்டுக் கஸ்தூரிதான். குடியிருப்பை இடித்து எல்லோரையும் ஊருக்கு வெளியே அனுப்பியபோது போனவள், இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். அவள் மகள் தேவி காய்ச்சலில் போனதும், இருந்த போட்டோக்களை வெள்ளம் கொண்டுபோனதும் உனக்குத் தெரிந்ததுதான். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எம் பொண்ணு மூஞ்சி எனக்கே மறந்துகினு வருதுக்கா. சேகரு புட்ச்ச கல்யாணத்துல அது ஆடிச்சே, அது எங்கனா கீதா?"

மூலையில் இருந்த உன் பெட்டியைக் காட்டினேன்.

மறுநாள் உன் மாமா பெட்டியைத் திறந்தார். கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்கிவந்தார். அதில் ஹார்ட் டிஸ்க்குக்கென்று இருந்த ஒயரில் இரண்டே முனை. உன்னிடம் இருந்ததோ நாலு டிஸ்க். ஒரு முனையை நாலாகப் பிரிக்கிற மலிவான ஒயர் ஒன்றைக் கடையில் கொடுத்தார்களாம். அதைச் செருகி நாலையும் மாட்டி சுவிட்சைப் போட்டார். டிஸ்க்குகள் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டன, நின்றன, மறுபடி அடித்துக்கொண்டன. அப்புறம் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த முனை இளகியிருந்தது, தொட்டால் சுட்டது. கஸ்தூரிக்கு மிச்சமிருந்ததும் போய்விட்டதோ என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

உன்னோடு எடிட்டிங் செய்தாளே நஸ்ரீன், அவளுக்குப் போன் போட்டேன். இப்போது பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்துவிட்டாள். நீ ஒவ்வொரு படத்தையும் துண்டு துண்டாக்கி நாலு டிஸ்க்கிலும் பரப்பி வைத்திருக்கிறாயாம். ஒன்றைத் தனியாகப் போட்டால் ஒன்றும் தெரியாது, நாலும் சேர்ந்து சுற்றினால்தான் படம் வரும் என்றாள். டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போது அதிகம் கரண்ட் எடுக்காதாம். நின்ற இடத்திலிருந்து கிளம்புகிற அந்தச் சில நொடிதான் பல மடங்கு இழுக்குமாம். நாலும் ஒரே சின்ன முனை வழியாக ஒரே நேரத்தில் இழுத்தால் அது எப்படித் தாங்கும்? தீயே பிடித்திருக்கலாம் என்றாள்.

பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸின் ஒயரைக் கழற்றி இதில் போடலாமே என்று உன் மாமா கையை நீட்டினார். நஸ்ரீன் தடுத்தாள்.

"அண்ணா, அது பொருந்தும். ஆனா உள்ள கம்பி வரிசை வேற மாதிரி இருந்துச்சுன்னா, நாலு டிஸ்க்கும் ஒரே அடியில போயிடும்."

நாலையும் தாங்குகிற வேறொரு எஸ்.எம்.பி.எஸ். எது என்று அவளே பார்த்துச் சொல்ல, உன் மாமா வாங்கிவந்தார். அதன் ஒயரிலேயே நாலு முனை வைத்திருந்தார்கள். ஒரே ஒயர்தான், ஆனால் டிஸ்க்குக்கு ஒரு முனை, நடுவில் எந்த ஒட்டும் இல்லை. அதோடு, டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்படி கம்ப்யூட்டரில் ஏதோ மாற்றி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு கஸ்தூரியும் வந்துவிட்டாள். நஸ்ரீன் சுவிட்சைப் போட்டாள்.

முதல் டிஸ்க் மெல்ல முனகி வேகம் பிடித்தது. அது சீரானதும் இரண்டாவது கிளம்பியது. மூன்றாவது கொஞ்சம் தயங்கியது. பிறகு அதுவும் எழுந்தது, அதன் பின்னால் நாலாவதும். நஸ்ரீன் முனைகளைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினாள். நான் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தேன். உள்ளே இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அந்த அதிர்வு சொன்னது மாதிரி இருந்ததுடா.

திரையில் நம் தெரு வந்தது. சீரியல் லைட், பந்தல், பின்னால் ஆறு. கூட்டத்துக்கு நடுவே பச்சைப் பாவாடையில் தேவி ஆடிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி அழவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள்.

"பாருக்கா, சிரிச்சா கன்னத்துல குழி வுழுது. அத்த மறந்தே பூட்டேன்."

அப்போதுதான் கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "தேவி, இங்க பாரும்மா" என்றது. உன் குரல். குழந்தை திரும்பி நேராக எங்களைப் பார்த்தது.

அந்தத் தெரு இல்லை, அந்தக் குழந்தை இல்லை, நீ இல்லை. ஆனால் நீ கூப்பிடுகிறாய், அவள் திரும்புகிறாள். கையகல இரும்புப் பெட்டி நாலுக்குள் எங்கள் எல்லோரையும் எப்படியடா வைத்தாய்? இவ்வளவு பெரிய காரியம் செய்கிறோம் என்று உனக்குத் தெரிந்திருந்ததா?

கஸ்தூரி தேவியின் அந்த ஆட்டத்தைப் போனில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தவளுக்கெல்லாம் மகளைக் காட்டிக்கொண்டே போனாளாம். மறுநாளிலிருந்து எனக்குப் போன் மேல் போன். ஒருத்திக்கு அவள் கல்யாணம் வேண்டும், ஒருவருக்கு அவர் அம்மா நடந்துவருவதைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்கிறாள் நஸ்ரீன். நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், சேகர். ஊருக்கு வெளியே அந்த அடுக்குமாடிகளில் நம் ஆட்கள் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் போவேன். கதவைத் தட்டி, நான் சேகரின் அக்கா, உங்கள் வீட்டு ஆள் ஒருவரைக் கூட்டிவந்திருக்கிறேன் என்று சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
ராணி அக்கா