ஒற்றைக் கோட்டில் அடித்த பதில்

எடப்பாடி,
மாசி 10, ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

மஞ்சுளா எழுதுவது. நானும் பாப்பாவும் நலம். நீங்களும் போர்வெல் ரிக் வண்டியில் கூட இருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் டிரில்லர் காளிதாஸ் லீவு முடிந்து நாளைக்கு ராய்ப்பூருக்கு ரயில் ஏறுகிறார். அவர் கையில் பருப்புப் பொடியும் நல்லெண்ணெயும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். கவரைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நான்கு நாளாக நான் போன் எடுக்கவில்லை என்று கோபமாக இருப்பீர்கள். போனில் பேசினால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிடுவீர்கள், கூட நாலு பேர் கேட்பார்கள். எனக்கு இப்போது நாலு பேர் கேட்டால் பேச்சு வராது. அதனால்தான் கல்யாணமாகிப் பதினாறு வருடத்தில் முதல் தடவையாக உங்களுக்குக் கடிதம் எழுதுகிறேன்.

பாப்பாவுக்குக் கணக்கில் மார்க் குறைந்திருக்கிறது. டியூஷன் சேர்த்துவிட்டேன். தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் விடுகிறார்கள். மாடியில் டேங்க் ஒழுகியதை ஆள் வைத்து அடைத்தாயிற்று. வீட்டு விஷயம் இவ்வளவுதான்.

இனி நம் தெரு விஷயம். என் வேலை உங்களுக்குத் தெரியும். தேர்தலுக்கு முன்னால் கருத்துக்கணிப்புக் கம்பெனிப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் யாருக்கு ஓட்டு என்று கேட்டு எழுதி வருவார்கள். அவர்கள் எழுதியது சரிதானா என்று பத்துக்கு ஒரு வீடு மறுபடி போய்ப் பார்ப்பது என் வேலை. படிவத்தில் பெயர் இருக்காது, தெரு இருக்காது, வரிசை எண் மட்டும்தான். தப்பு இருந்தால் பழைய பதிலை அழிக்கக் கூடாது. படிக்கிற மாதிரி ஒரே ஒரு கோட்டில் அடித்து, பக்கத்தில் புதுப் பதிலும் காரணமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எந்த எண் எந்த வீடு என்று காட்டும் துண்டுச் சீட்டை வேலை முடிந்ததும் கிழித்துவிட வேண்டும். பதினோரு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

நான் போனில் சொன்ன அந்த அம்மாவின் பெயரை இதிலும் எழுத மாட்டேன். யார் என்று உங்களுக்கு இப்போது தெரியும். தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

முதலில் போன பெண், அந்த அம்மாவுக்கான படிவத்தில் அவர் புருஷன் சொன்னதை எழுதி வந்திருந்தாள். நம் ஊரில் அதுதானே வழக்கம். பொம்பளையைக் கேட்டால் ஆம்பளை பதில் சொல்வார். எனக்குச் சந்தேகம். அந்தப் புருஷன் தறிக்குப் பாவு நூல் எடுக்க உங்கள் அண்ணன் குடோனுக்குப் போகும்வரை காத்திருந்து போனேன். தறி பெல்ட்டில் சிக்கிய விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, அந்தக் கையோடு தறிக்கு ஊடை நூலைத் தார் சுற்றிக்கொண்டிருந்தார் அந்த அம்மா. கேட்டேன். வாசலைப் பார்த்துவிட்டு, “அவரு சொன்னது அவரோடதுங்க. என்னோடது வேறைங்க” என்றார்.

ஒரு கோட்டில் அடித்தேன். ‘முன்பு பதில் சொன்னவர் கணவர்’ என்று காரணம் எழுதினேன். கையைப் பற்றியோ கட்டைப் பற்றியோ ஒரு எழுத்து எழுதவில்லை. யாருக்கும் தெரியாதுங்களே என்று இரண்டு தடவை கேட்டார். துண்டுச் சீட்டை அவர் கண் முன்னாலேயே கிழித்து அவர் வீட்டு அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன்.

அன்றைக்கு நீங்கள் போன் செய்தீர்கள். வேலையெல்லாம் எப்படிப் போகுது என்று கேட்டீர்கள். நானும் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் சொன்னேன். நம் தெருவில் கையில் கட்டோடு தார் சுற்றிய ஒரு அம்மா, புருஷன் சொன்ன கட்சி தனக்கு வேண்டாம் என்றார் என்று சொன்னேன். பெயர் சொல்லவில்லை, அதனால் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

அதை ஏன் மாமா உங்கள் அண்ணனிடம் சொன்னீர்கள்? சிரிக்கத்தான் சொல்லியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். கட்சிக்காரர் அவர். தெருவில் பாதித் தறி அவர் கொடுக்கிற பாவில் ஓடுகிறது. அவருக்குப் பெயர் எதற்கு? அந்த வாரம் தெருவில் எத்தனை பேர் கையில் கட்டு இருந்தது என்று பார்த்தால் போதாதா?

மற்ற எல்லாருக்கும் பாவு போகிறது, அந்த வீட்டுக்கு மட்டும் நூல் வரவில்லை என்கிறார் உங்கள் அண்ணன். இரண்டு வாரமாக நாலு தறியும் நிற்கிறது. போன செவ்வாய்க்கிழமை புருஷன் அந்த அம்மாவைக் குடோனுக்குக் கூட்டிப் போய், பத்து ஆம்பளைகள் முன்னால், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்ல வைத்திருக்கிறார். அவர்கள் வீட்டில் பேச்சு வார்த்தை நின்றுபோயிற்று.

மறுநாள் அந்த அம்மா என்னிடம் வந்தார். “அதைப் பழையபடி மாத்திப் போட்ருங்க அம்மிணி. அவரு சொன்னதே என்னோடதுன்னு எழுதிருங்க” என்றார். படிவமெல்லாம் சேலம் போய்விட்டது, இனி எது அவருடையது என்று எனக்கே தெரியாது என்றேன். பேரில்லாத காகிதம் உங்கள் அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டார். நான்தான் உங்களிடம் சொன்னேன் என்று சொல்லிவிட்டேன். மறைக்க மனசு வரவில்லை. திட்டுவார் என்று பார்த்தேன்.

“புருசங்கிட்டத்தானுங்களே சொன்னீங்க” என்றார்.

கொடுத்த காபியைக் குடிக்காமல் போய்விட்டார். அன்றைக்குத்தான் உங்கள் போனை எடுக்காமல் வைத்தேன்.

நேற்று உங்கள் அண்ணனிடம் போனேன். அப்படி ஒருத்தரும் இல்லை, நானாகக் கட்டிச் சொன்ன கதை என்றேன். அவர் சிரித்தார். “எந்தம்பி எங்கிட்டப் பொய் பேச மாட்டான். நீ பேசுவே” என்றார். அவர் சொன்னதும் உண்மைதான். நான் என்ன சொன்னாலும் அந்த வீட்டில் தறி ஓடாது. நீங்கள் சொன்னால்தான் ஓடும்.

வெள்ளிக்கிழமை புதுப் பாவு கொடுக்கிறார். அதற்குள் அண்ணனுக்குப் போன் போடுங்கள். அந்தப் பேச்சு நம் ஊரே இல்லை, சேலம் தாண்டி அயோத்தியாப்பட்டணத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமத்தில் நடந்தது, மஞ்சுளா சுவாரசியத்துக்காக நம் தெரு என்று புளுகியிருக்கிறாள், விசாரித்தபோது ஒத்துக்கொண்டாள் என்று சொல்லுங்கள். எனக்கு நாக்கு நீளம், புத்தி கம்மி என்று எதை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் ஊரார் எழுதிய தப்பையெல்லாம் திருத்தியவள் நான். இந்த ஒரு தப்பை எனக்காக நீங்கள் எழுத வேண்டும்.

அண்ணனிடம் பொய் சொன்னதில்லை என்பீர்கள். தெரியும். அதனால்தான் கேட்கிறேன்.

இதைப் படித்ததும் கிழித்து அடுப்பில் போடுங்கள். இனிமேல் போனில் பாப்பா படிப்பு, தண்ணீர், உங்கள் சாப்பாடு எல்லாம் பேசுவோம். என் வேலையைப் பற்றிக் கேட்காதீர்கள். கேட்டால் நன்றாகப் போகிறது என்றுதான் சொல்வேன்.

கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கும்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் கை காலுக்கு ஒரு குறையும் வராமல் சாமி காப்பாற்றட்டும். அண்ணனிடம் சொல்லியாயிற்று என்றால் ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். வெள்ளிக்கிழமைவரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
மஞ்சுளா