நாலு அடிக்காக நடந்த முற்றுகை

24.5.2008, சனி

இன்று தேவனாம்பட்டினம் கோட்டையைக் கைப்பற்றினேன். எதிர்ப்பு: இரண்டு ஆடுகள்.

அக்கா மகள் தமிழ்ச்செல்வி வாங்கியிருக்கும் மனை அதன் பக்கம்தான். இன்றுதான் பார்த்தேன். ஓரமாக ஒரு பள்ளம், கோரை மண்டி, கெடிலம் ஆற்றை நோக்கி நேராகப் போய், மூலைமட்டம் வைத்ததுபோல் திரும்புகிறது. ஆறு இப்படித் திரும்பாது. முப்பத்தொரு வருஷம் பொதுப்பணித்துறையில் மதகு திறந்து மூடிய லஸ்கர் நான் — அதாவது, தென்னாற்காடு நீர்ப்படைத் தளபதி — எனக்குத் தெரியாதா? பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை தன் ஊர் என்று எடுத்துக்கொண்டானே வெள்ளைக்காரன், அவன் வெட்டிய அகழி. சென்னை கைவிட்டுப் போனபோது சில வருஷம் இதுதான் அவனுக்குத் தலைநகர். மனையில் பாதி, அந்த அகழி தூர்ந்த இடம்.

25.5.2008, ஞாயிறு

செல்வி புருஷன் அருண்பாண்டியனிடம் சொன்னேன். வெறுமனே சொன்னால் ஏறாது என்று கொஞ்சம் ஜோடித்தேன். ஆழம் நாற்பது அடி. முதலை ஆயிரம். குதிரையோடு முங்கிய பிரெஞ்சுக்காரன் இன்னும் மேலே வரவில்லை. ஆகவே பேஸ்மட்டத்தைப் பன்னிரண்டு அடி உயர்த்து.

"பன்னெண்டு அடின்னா வூட்டுக்குள்ள போவ லிஃப்ட் வைக்கணும் மாமா."

கொத்தனார் தட்சிணாமூர்த்திக்குச் சிரிப்பில் வெற்றிலை புரையேறியது. ஒன்றரை அடி போதும் என்று முடிவாம்.

30.5.2008

ஐப்பசி கார்த்திகையில் அந்தப் பள்ளம் சும்மா இருக்குமா? இருக்காது.

3.6.2008, செவ்வாய்

போர்ப் பிரகடனம். நாளை வாஸ்து நாள், பூமி பூஜை. முதல் செங்கல் தாய்மாமன் கையால்தான். எங்கள் பக்கம் அது மாறாது. கை என்னுடையது. வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டேன்.

அக்கா தங்கம்மாள் போனில்: "ஏன்டா கொளஞ்சி, எம்பொண்ணு நல்லா இருக்கறது ஒனக்குப் புடிக்கலியா?"

ஆயிரம் முதலையும் என்னைக் காப்பாற்ற வரவில்லை.

4.6.2008, புதன்

முகூர்த்தம் ஒன்பதே முக்கால். ஒன்பதுக்குச் செல்வி மட்டும் ஸ்கூட்டியில் வந்தாள். பட்டுப்புடவை. உட்காரவில்லை.

"மாமா, மொதல வேணாம். பிரெஞ்சுக்காரன் வேணாம். தண்ணி வருமா, வராதா?"

"வரும்."

"எவ்ளோ?"

வாய் நாற்பதுக்குத் தயாரானது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மூணு அடிக்குள்ள. நாலு அடி ஏத்திடு, போதும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்னா?"

என்ன? எனக்கே தெரியவில்லை. நாலு என்றால் ஒன்றுமே சொல்லாதது மாதிரி இருக்கிறது — அதனாலா?

ஸ்கூட்டியில் ஏறினேன். செங்கல் வைத்தேன். நாலு அடி என்று செல்வி கொத்தனாரிடம் சொன்னபோது மாப்பிள்ளை, "மண்ணு ஜாஸ்தி அடிக்கணும்" என்று முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்.

2.11.2008, ஞாயிறு

செல்வி வீடு குடிபோனாள். வாசலில் ஏழு படி. அடுத்த வீட்டுச் சவரியம்மாள் மூச்சு வாங்க ஏறி வந்து, "இது வூடா, மாதா கோயிலா?" என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். பாயசம் இரண்டு டம்ளர் குடித்தேன்.

28.11.2008, வெள்ளி

மூன்று நாளாகப் புயல் மழை. அகழி மறுபடி வேலைக்கு வந்துவிட்டது.

தொடையளவு தண்ணீரில் நடந்து போனேன். நான்கு படி முழுகி, ஐந்தாவது நனைந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஒரு சொட்டு இல்லை. சவரியம்மாள் வீட்டாரோடு நான்கு குடும்பம் அங்கே. செல்வி அண்டாவில் உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள். பழைய பழக்கம், கழியை நட்டு அளந்தேன். இரண்டரை அடி.

மாப்பிள்ளை துண்டு கொண்டுவந்தான். "தலையத் தொவட்டுங்க மாமா." அது போதும், போதும்.

1.12.2008, திங்கள்

வடிந்துவிட்டது. டீக்கடையில் மாப்பிள்ளை கூட்டம் சேர்த்து வைத்திருந்தான்.

"ஆறு அடி தண்ணி! எங்க மாமா மட்டும் சொல்லலன்னா நாங்க காலி."

"ரெண்டரை அடி மாப்ளே" என்றேன். "நானே அளந்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் நம்பவில்லை.