மாப்பிள்ளையின் ஸ்கூட்டருக்கு வைத்த சந்தனம்

ஐப்பசி 3, திங்கள்

நேற்று ஆயுத பூசைக்கு என் மொபெட்டுக்கும் மாப்பிள்ளையின் புது பேட்டரி ஸ்கூட்டருக்கும் நான்தான் சந்தனம் வைத்தேன். இன்று காலையில் பார்த்தால் ஸ்கூட்டரின் சார்ஜ் துளைக்குள் சந்தனம் காய்ந்து கிடக்கிறது. ராத்திரி முழுக்கச் சார்ஜே ஏறவில்லை.

மாப்பிள்ளை என் மொபெட்டில்தான் சரவணம்பட்டிக்கு வேலைக்குப் போனார். சூலூரில் பதினெட்டு வருடம் நூல் மூட்டை சுமந்த வண்டி அது. சந்தனத்தை எங்கே அப்பினாலும் ஓடும்.

சாயங்காலம் வந்தவர், “ஒரே ஒதைல கெளம்பிருச்சுங்க அத்தை” என்றார். நான் ஒரு மாதமாகச் சொல்வதும் அதுதானே!

மகள்தான் என்னை முறைத்தாள். “ஏம்மா, அந்தத் தொளைக்கு மூடி இருக்குதே, அதை ஆரு தொறந்தது?”

பூசையென்றால் உள்ளேயும்தான் வைக்க வேண்டும்.